வீட்டுக்குள்ள ஒரு லேத்: முதல்ல தரை, அப்புறம் கரண்ட், கடைசியாத்தான் மெஷின்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் எண்ணெய் வாசனை அடிக்கும். ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுப் பின்கட்டுல ஒரு லேத் மெஷின் இருக்கு. அது அங்க வந்து உட்கார்ந்த கதையையும், அதுல நாங்க செஞ்ச தப்புகளையும் சொல்லப்போறேன். வீட்டுல ஒரு சின்னப் பட்டறை போடணும்னு யோசிக்கிறவங்களுக்கு இது உதவும். அந்த யோசனையே இல்லாதவங்களும் கேளுங்க. ஒரு மெஷின் எப்படித் துல்லியமா வேலை செய்யுதுங்கிற விஷயமும் இதுக்குள்ள இருக்கு.

மெஷின் வந்து ரெண்டு வாரம் கழிச்சு முதல் கம்பியைக் கடைஞ்சோம். சாதாரண இரும்புக் கம்பி. மைக்ரோமீட்டர்ல அளந்தா ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் 0.05 மி.மீ. வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரு மயிரிழை கனம். "இதெல்லாம் ஒரு வித்தியாசமா"ன்னு தோணும். ஆனா ஒரு பேரிங் உட்காரப்போற தண்டுக்கு 0.01, 0.02 மி.மீ. தாண்டினாலே போச்சு. ஒண்ணு பேரிங் ஏறாது, இல்ல லொடலொடன்னு ஆடும்.

நான் உடனே, "அப்பா, மெஷின் தேஞ்சு போச்சு, நாம ஏமாந்துட்டோம்"னு சொன்னேன். அப்பா கம்பியை ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். "மெஷின் சரியாத்தான் இருக்கு. தரைதான் பொய் சொல்லுது"ன்னார்.

அவர் அவ்வளவு உறுதியா சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அந்த மெஷின்ல அவர் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்திருக்கார்.

திருச்சியில ஏன் இவ்வளவு லேத்?

திருச்சின்னா மலைக்கோட்டை, காவிரி, ரெங்கநாதர்னு நினைக்கிறோம். இந்த ஊருக்கு இன்னொரு முகம் இரும்பு. தென்னிந்திய ரயில்வேயோட பெரிய பட்டறை நாகப்பட்டினத்துலேருந்து 1928-ல பொன்மலைக்கு வந்தது. நீலகிரி மலை ரயிலுக்கு 2011-க்கு அப்புறம் புதுசா நீராவி எஞ்சின் தேவைப்பட்டப்போ, அதைச் செஞ்சு கொடுத்ததும் இதே பொன்மலைதான். 1960-கள்ல திருவெறும்பூர்ல பெல் வந்தது, பக்கத்துலேயே துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தது. பெல் செய்யுறது அனல்மின் நிலையங்களுக்கான பெரிய கொதிகலன். ஒரு கொதிகலனுக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பாகம் வேணும். அதைச் செஞ்சு கொடுக்க துவாக்குடி, அரியமங்கலம் பக்கமெல்லாம் சின்ன யூனிட்டுகள் முளைச்சுது.

எங்க அப்பா அப்படி ஒரு யூனிட்ல டர்னர். டர்னர்னா லேத் ஓட்டுறவர். புதுசா அனல்மின் நிலையம் கட்டுறது குறைஞ்சப்போ கொதிகலன் ஆர்டரும் குறைஞ்சுது. சின்ன யூனிட்டுகள் பல திண்டாடிப்போச்சு. அப்பா வேலை பார்த்த இடத்தையும் மூடினாங்க. மெஷின்களைப் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போடுறதா பேச்சு. அப்பா ஓட்டின நாலரை அடி லேத்தும் அந்த லிஸ்ட்ல இருந்தது. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "அதை எடைக்குப் போடக்கூடாது"ன்னார். அதுக்கு மேல ஒண்ணும் பேசல. அவர் அதைச் சொன்ன விதத்துலேயே எனக்குப் புரிஞ்சுது. நான் சென்னையில ஐ.டி. வேலை, வாரத்துல பாதி நாள் வீட்டுலேருந்து. வாங்கிடலாம்னு முடிவு பண்ணினோம்.

இப்ப யோசிச்சா, மெஷினுக்குக் கொடுத்த பணம் மொத்தச் செலவுல பாதிகூட இல்ல. மீதி எல்லாம் தரை, கரண்ட், ஏத்து இறக்குக் கூலி.

லேத்துன்னா என்ன பண்ணும்?

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. துளை போடுற மெஷின்ல பொருள் நிக்கும், டூல் சுத்தும். லேத்துல பொருள் சுத்தும், டூல் நிக்கும். தமிழ்ல இதுக்கு அழகான வார்த்தை இருக்கு: கடைதல். தயிர் கடையறதும் அதே வினைச்சொல், கட்டில் கால் கடையறதும் அதே வினைச்சொல். அதான் கடைசல் பட்டறை. மரம் கடையறது ரொம்பப் பழைய தொழில். இரும்பைக் கடைஞ்சு அதுல கச்சிதமா மரை போடுற லேத்தை இங்கிலாந்துல ஹென்றி மாட்ஸ்லி 1800-ஐ ஒட்டி உருவாக்கினார். ஒரே மாதிரி போல்ட், ஒரே மாதிரி நட்டு செய்யலாம்னு ஆனதுக்கு அப்புறம்தான் மத்த மெஷின்களைச் செய்யுறதே சுலபமாச்சு.

லேத்தோட நீளமான அடிப்பகுதி பெட். இடது பக்கம் ஹெட்ஸ்டாக், அதுல பொருளைக் கவ்விப் பிடிக்கிற சக். வலது பக்கம் டெயில்ஸ்டாக். நடுவுல பெட் மேல முன்னும் பின்னும் நகர்றது கேரேஜ், அதுலதான் டூல் இருக்கும். டூல் நேர்கோட்டுல நகர்ந்தா கம்பி ஒரே விட்டத்துல வரும். அந்த நேர்கோட்டைக் கொடுக்குறது பெட். அதனால மெஷினோட உயிர் பெட்டுலதான் இருக்கு.

பழைய மெஷினை எப்படிப் பார்த்து வாங்குறது?

எங்களுக்கு மெஷின் தெரிஞ்ச மெஷின். நீங்க தெரியாத இடத்துல வாங்கினா, பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. அப்பா சொல்ற நாலு சோதனை இது.

ஒண்ணு, பெட் தேய்மானம். வேலை அதிகம் நடக்குறது சக் பக்கத்துல, அதனால அங்கதான் பெட் தேயும். கேரேஜை சக் பக்கம் கொண்டுவந்து, லேசா இறுக்கமா நகர்ற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணுங்க. அப்புறம் வலது கோடி வரைக்கும் நகர்த்துங்க. போகப்போக சிக்கிக்கிட்டா, சக் பக்கம் தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டு, ஸ்பிண்டில். டயல் கேஜை ஸ்பிண்டில் மூக்குல வெச்சுச் சுத்திப் பாருங்க. அப்புறம் ஒரு கட்டையால ஸ்பிண்டிலை மேல நெம்பிப் பாருங்க. முள் ஆடுச்சுன்னா பேரிங்ல வேலை இருக்கு.

மூணு, எல்லா ஸ்பீடும் போட்டுக் கேளுங்க. ஒரே ஒரு ஸ்பீடுல மட்டும் கட்டு கட்டுன்னு சத்தம் வந்தா, அந்தக் கியர்ல பல் போயிருக்கலாம்.

நாலு, மரை போடத் தேவையான சேஞ்ச் கியர் எல்லாம் கூட இருக்கான்னு எண்ணுங்க. பழைய மெஷின்ல முதல்ல காணாமப் போறது அதுதான். அப்புறம் தனியா தேடினா கிடைக்காது.

அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நாலரை அடி லேத் அரை டன் சமாச்சாரம், மாடிக்கு ஏத்தவே ஏத்தாதீங்க. மேசை மேல வைக்கிற மினி லேத் நாற்பது, ஐம்பது கிலோவுலேயே கிடைக்குது. அதுக்கும் முன்னாடி ஒரு நல்ல வைஸ், நாலு அரம், ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கி ஆறு மாசம் பழகுங்க. அரம் போட்டு ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்கத் தெரிஞ்சவருக்குத்தான் லேத் என்ன செய்யுதுன்னு புரியும். ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் பசங்களை முதல்ல அரம் பிடிக்கவிடுறது சும்மா இல்ல.

குட்டி யானையில வந்த யானை

துவாக்குடியிலேருந்து தஞ்சாவூர் ரோடு வழியா பால்பண்ணை, அங்கேருந்து பைபாஸ்ல காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். குட்டி யானை வண்டியில வந்தது. கிளம்புறதுக்கு முன்னாடி சக், மோட்டார், டெயில்ஸ்டாக் மூணையும் கழட்டிட்டோம். எடை குறையும், வாசல்ல நுழையவும் வசதி.

லேத்தைத் தூக்கும்போது ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும். அதுக்குத் தலை கனம், ஹெட்ஸ்டாக் பக்கமா கவுரப் பார்க்கும். இன்னொண்ணு, பெல்ட்டை பெட்டுலதான் கட்டணும். முன்பக்கம் நீளமா ஓடுற லீட் ஸ்க்ரூவுல பெல்ட் அழுத்துச்சுன்னா அது வளைஞ்சிடும். அது வளைஞ்சா மரை போடுறதை மறந்துடலாம்.

எங்க வீடு அடையவளஞ்சான் தெருவுக்கு வெளியே, பழைய கட்டடம். முன்னாடி திண்ணை, நடுவுல முற்றம், பின்னாடி கட்டு. ரயில் பெட்டி மாதிரி நீளம், அகலம் கம்மி. வண்டி தெருவுல நின்னதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு வாசல் அகலத்தை அளக்கத் தோணுச்சு! ஒரு விரற்கடை இடைவெளியில நுழைஞ்சுது. செயின் பிளாக் வெச்சு இறக்கி, இரும்புக் குழாயை உருளையா அடியில போட்டு, கடப்பாரையால நெம்பி நெம்பி உள்ள கொண்டுபோக ஒரு முழுநாள் ஆச்சு. நீங்க அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, தெருவிலேருந்து மெஷின் நிக்கப்போற இடம் வரைக்கும் இஞ்ச் டேப்போட ஒரு தடவை நடந்துடுங்க.

தரை சொன்ன பொய்

பின்கட்டுல சிவப்பு ஆக்ஸைடு தரை. வழவழன்னு, பார்க்க உறுதியா இருந்தது. கொத்தனார்கிட்ட ரசமட்டம் வாங்கி வெச்சுப் பார்த்தோம், குமிழ் நடுவுல நின்னுது. சரின்னு மெஷினை வெச்சுட்டோம்.

அந்த முதல் கம்பிக்கு அப்புறம் அப்பா ஒரு கட்டையால தரையைத் தட்டிக்கிட்டே வந்தார். எல்லா இடத்துலேயும் கெட்டியான சத்தம். வலது பக்க முன்கால்கிட்ட மட்டும் பொள்ளுனு சத்தம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற தீவு. தோண்டினா மணல். முற்றத்துத் தண்ணி போற வழி பக்கத்துலேயே இருந்ததால, காலங்காலமா அடியில மண் அரிச்சு தரை பொந்தாயிருக்கு. ரெண்டு வாரத்துல அந்தக் கால் மட்டும் கொஞ்சமா இறங்கிடுச்சு.

வார்ப்பிரும்பு எப்படி வளையும்னு கேக்கலாம். நீளமான பெஞ்சை நினைச்சுக்கோங்க. ஒரு கால் மட்டும் தாழ்ந்தா பலகை லேசா முறுக்கிக்கும். அரை டன் லேத்தும் அப்படித்தான். தன்னோட கனத்தாலேயே முறுக்கிக்கும், கண்ணுக்குத் தெரியாது. வலது பக்க முன்கால் இறங்கினா, அந்தப் பக்கம் பெட் ஓட்டுறவரை நோக்கிச் சாயும். டூலும் கம்பியை விட்டு விலகும். டூல் விலகினா அந்த முனை தடிமனா வரும். எங்களுக்கு வந்தது அச்சு அசலா அதே.

அதனால மெஷினை ஓரமா நகர்த்திட்டு, அந்த இடத்தை உடைச்சோம். அரிச்ச மண்ணை வாரி, கல் போட்டு இடிச்சு, கம்பி வலை வெச்சு ஆறு அங்குல கான்கிரீட். மெஷினோட கால் அளவைவிட நாலு பக்கமும் ஓர் அடி அதிகமா. தண்ணி ஊத்தி ஆறவிட்டு, 28 நாள் காத்திருந்தோம். கான்கிரீட் கல்லாகுறதுக்குப் பொதுவா கணக்கு வைக்கிற நாள் அது. அப்பா தினம் காலையில சாக்கை நனைச்சுப் போட்டுட்டு, மெஷினை ஒரு தடவை துடைச்சுட்டு வருவார்.

ஒரு லேத்தை "நேராக்குறது" எப்படி?

இதுதான் இந்த எபிசோட்ல நீங்க எழுதி வெச்சுக்க வேண்டிய பகுதி.

முதல்ல, கொத்தனார் ரசமட்டம் இதுக்குப் போதாது. சுவர் கட்ட அது சரி. மெஷினுக்குன்னு துல்லிய மட்டம் இருக்கு. அதுல குமிழ் ஒரு கோடு நகர்ந்தா, ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 மி.மீ. ஏற்றத்தாழ்வுன்னு அர்த்தம். விலை ஜாஸ்தி. தெரிஞ்ச பட்டறையில ஒருநாளைக்கு இரவல் வாங்குங்க, நாங்களும் அதான் பண்ணினோம். அதைப் பெட்டுக்குக் குறுக்கா சக் பக்கம் ஒரு தடவை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு தடவை வைக்கணும். ரெண்டு இடத்துலேயும் குமிழ் ஒரே இடத்துல நின்னா போதும். மெஷின் மொத்தமா ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தாக்கூட பரவாயில்ல. கப்பல்லகூட லேத் இருக்கு, கப்பல் ஆடிக்கிட்டேதான் இருக்கும். முறுக்கு இல்லாம இருக்கிறதுதான் முக்கியம்.

ரெண்டாவது, மட்டம் சொல்றதை மெஷினையே விட்டுச் சரிபார்க்கணும். முப்பது, நாற்பது மி.மீ. தடிமன் கம்பியை சக்ல பிடிச்சு, ஒரு சாண் அளவு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கவிடுங்க. டெயில்ஸ்டாக் தாங்கல் வேண்டாம். கம்பியோட ரெண்டு கோடியிலேயும் ஒரு வளையம் மாதிரி விட்டுட்டு, நடுப்பகுதியைக் கொஞ்சம் குறைச்சுக் கடையுங்க. இப்ப கூரான டூலால, ரொம்ப மெல்லிசா ஒரே ஒரு வெட்டு. டூலை முன்னேயும் பின்னேயும் தொடாம ரெண்டு வளையத்தையும் அதே அமைப்புல கடைஞ்சு, மைக்ரோமீட்டர்ல அளங்க. அழுத்தி வெட்டினா கம்பியே வளைஞ்சு கொடுத்து தப்பான பதில் சொல்லும், ஜாக்கிரதை.

வெளி முனை தடிமனா இருந்தா, டெயில்ஸ்டாக் பக்க முன்காலைத் தூக்கணும். ஒல்லியா இருந்தா, பின்காலைத் தூக்கணும். தூக்குறதுன்னா காலுக்கு அடியில மெல்லிய தகடு வைக்கிறது. புது கான்கிரீட் மேல எங்களுக்கு 0.03 மி.மீ. வந்தது, அதே வெளி முனை தடிமன். அப்பா காலி கூல்டிரிங்ஸ் டின் ஒண்ணை வெட்டச் சொன்னார். அதோட பக்கவாட்டுத் தகடு கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கனம். ரெண்டு துண்டு முன்காலுக்கு அடியில. திரும்பக் கடைஞ்சு அளந்தோம். 0.01-க்குள்ள வந்துடுச்சு. ஃபவுண்டேஷன் போல்ட்டை இதுக்கு அப்புறம்தான் இறுக்கணும். இறுக்கினதும் இன்னொரு தடவை அளக்கணும், ஏன்னா போல்ட்டே பெட்டை முறுக்கிடும். ஒரு மாசம் கழிச்சும் ஒரு தடவை பாருங்க.

எல்லாத்தையும் தகடு சரிபண்ணிடும்னு நினைக்காதீங்க. பெட் தேஞ்சிருந்தா அது வேற வேலை. ஆனா "தேஞ்சு போச்சு"ன்னு ஒதுக்குறதுக்கு முன்னாடி இந்தச் சோதனையைப் பண்ணிடுங்க.

கரண்ட்: மோட்டாரும் மீட்டரும்

எங்க மெஷின்ல இருந்தது 2 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார். ஒரு ஹெச்.பி. 746 வாட், ஆக ஒன்றரை கிலோவாட். வீட்டுல இருந்தது சிங்கிள் ஃபேஸ். மூணு வழி இருக்கு. த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கலாம். மோட்டாரையே சிங்கிள் ஃபேஸா மாத்தலாம். இல்லேன்னா வி.எஃப்.டி. டிரைவ் வைக்கலாம்.

டிரைவ்ங்கிறது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை உள்ள வாங்கி, 230 வோல்ட் த்ரீ ஃபேஸா வெளியே கொடுக்குற பெட்டி. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மோட்டாரை மெதுவா கிளப்பும், அதனால வீட்டு லைட் மங்காது. நேரடியா கிளப்பினா மோட்டார் அந்த நொடியில வழக்கமான கரண்ட்டைப் போல பல மடங்கு இழுக்கும். இதுல ஒரு சூட்சுமம். பட்டறை மோட்டார் 415 வோல்ட்டுக்குக் கட்டினது. சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்புல இருக்கும். டெர்மினல் பெட்டியில ஆறு முனையும் வெளியே இருந்தா, அதை டெல்டாவா மாத்தி 230-ல ஓட்டலாம். மோட்டார் தகட்டுல எழுதியிருக்கறதைப் பார்த்து, லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. யூடியூப் பார்த்து நீங்க கை வைக்காதீங்க.

மெஷின் உடம்புக்குத் தனி எர்த் கட்டாயம். இன்னொரு கட்டாயம், நம்ம ஊருக்குன்னே சொல்றேன்: கரண்ட் போயிட்டுத் திரும்ப வந்தா மெஷின் தானா ஓடக்கூடாது. சாதாரண ஸ்விட்ச் போட்டிருந்தா, கரண்ட் போனதும் நீங்க குனிஞ்சு சக்கைத் துடைச்சுக்கிட்டு இருப்பீங்க. கரண்ட் வந்ததும் அது சுத்த ஆரம்பிக்கும். பட்டறை ஸ்டார்ட்டர்ல உள்ள நோ-வோல்ட் காயில் இதைத் தடுக்கும், பச்சை பட்டனை மறுபடி அழுத்தினாத்தான் ஓடும். டிரைவ்லேயும் தானா திரும்பக் கிளம்புற வசதியை அணைச்சு வைக்கணும்.

அப்புறம் மீட்டர். உங்க வீட்டுக்காக, பொழுதுபோக்கா செஞ்சா அது வேற. காசு வாங்கி வெளிவேலை செஞ்சா, வீட்டு மீட்டர்ல ஓட்டக்கூடாது. மின்சாரச் சட்டம் 2003, 126-ஆம் பிரிவுல, கொடுத்த காரணத்துக்கு மாறா பயன்படுத்தினா உரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போடுவாங்க. தமிழ்நாட்டுல குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்குன்னு 12 கிலோவாட் வரைக்கும் தனிக் கட்டணப் பிரிவே இருக்கு, அதுல தனி இணைப்பு கேக்கலாம். உதயம் பதிவும் ஆன்லைன்ல இலவசமா பண்ணலாம். நாங்க முதல் ஆறு மாசம் வெளிவேலையே எடுக்கல. தனி மீட்டர் வந்ததுக்கு அப்புறம்தான் எடுத்தோம்.

பக்கத்து வீடு

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவர். லேத் சத்தம் அவ்வளவா இல்ல, டூல் தீட்டுற கிரைண்டர்தான் காதைக் கிழிக்கும். குடியிருப்புப் பகுதியில காலை 6 மணியிலேருந்து ராத்திரி 10 வரைக்கும் 55 டெசிபல், ராத்திரி 45-னு இரைச்சல் விதி சொல்லுது. கிரைண்டர் பக்கத்துல நின்னா அது எங்கேயோ தாண்டிடும்.

மூணாவது நாளே பக்கத்து வீட்டுப் பாட்டி வந்துட்டாங்க. "ஏம்ப்பா, வீடா இது, பொன்மலை பட்டறையா?"ன்னு கேட்டாங்க. அப்பா பதில் பேசல, உள்ள கூப்பிட்டு மெஷினைக் காட்டினார். பாட்டி சுத்திப் பார்த்துட்டு, எங்க வீட்டு ஊஞ்சல் கொண்டி தேஞ்சு கிறீச்சிடுதே, அதுக்கு ஏதாவது பண்ணுவியான்னு கேட்டாங்க. அப்பா பித்தளையில ஒரு புஷ் கடைஞ்சு போட்டார். சத்தம் நின்னுடுச்சு. ஆனாலும் ஒரு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் மெஷின் ஓடக்கூடாதுங்கிறதுல பாட்டி விட்டுக்கொடுக்கல. அது நியாயம்தான். கிரைண்டரைப் பொதுச் சுவர்லேருந்து தள்ளி, எதிர் மூலைக்கு மாத்தி, அடியில கனமான ரப்பர் போட்டோம். நீங்க மெஷின் வாங்குறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுல சொல்லிடுங்க. நாங்க சொல்லல, அது எங்க தப்பு.

துரு பத்தியும் ஒரு வார்த்தை. ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கோம், ஐப்பசி மழையில காத்தே ஈரமா இருக்கும். வேலை முடிஞ்சதும் துடைச்சு எண்ணெய் பூசி, பருத்தித் துணி போட்டு மூடுங்க. பிளாஸ்டிக் போட்டா உள்ள வேர்த்துத் துரு பிடிக்கும்.

அப்பாவோட விரல்

கடைசியா இது. அப்பாவுக்கு இடது கை ஆள்காட்டி விரல்ல நுனி கிடையாது. வேலை கத்துக்கிட்ட புதுசுல, கை அழுக்காகக்கூடாதுன்னு கிளவுஸ் போட்டுக்கிட்டு லேத்துல நின்னிருக்கார். துணி நுனியைச் சக் பிடிச்சுது. கிளவுஸ் இல்லேன்னா தோல் உராய்ஞ்சதோட போயிருக்கும். கிளவுஸ் இருந்ததால கையையே உள்ள இழுத்துடுச்சு. "பாதுகாப்புக்குப் போட்டதுதான்டா என் விரலை எடுத்துச்சு"ம்பார்.

அதனால எங்க பட்டறையில சில சட்டம். ஓடுற லேத்துகிட்ட கிளவுஸ் கூடாது. வேட்டி, லுங்கி, தோள்ல துண்டு, கழுத்துச் செயின், மோதிரம் எதுவும் கூடாது. முழுக்கை சட்டைன்னா முழங்கைக்கு மேல மடிக்கணும், நீளமுடின்னா கட்டணும். கண்ணாடி இல்லாம உள்ள வரக்கூடாது. இரும்புச் சுருளைக் கையால இழுக்கக்கூடாது, கொக்கிக் கம்பியால மெஷினை நிறுத்திட்டு எடுக்கணும். சக் சாவியை இறுக்கினதும், அதை விட்டுக் கையை எடுக்கிறதுக்கு முன்னாடியே சக்லேருந்து உருவிடணும். மறந்து ஸ்டார்ட் போட்டா அது குண்டு மாதிரி பறக்கும். வீட்டுக்குள்ள பட்டறைங்கிறதால இன்னொண்ணு: கதவுக்குப் பூட்டு. சின்னப் பசங்க விளையாட வர்ற இடம் அது.

முதல் நாள் நான் சாவியை சக்லேயே விட்டுட்டு மைக்ரோமீட்டர் எடுக்கத் திரும்பினேன். அப்பா திட்டல. மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு, "இன்னைக்குப் போதும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். அடுத்த நாள் காலையிலதான் மறுபடி தொடவிட்டார். அன்னையிலேருந்து எனக்கு அது மறந்ததில்ல.

சுருக்கமா வரிசை இதுதான். என்ன செய்யப்போறோம்னு முடிவு. அப்புறம் வாசலையும் தரையையும் பாருங்க. பக்கத்து வீட்டுல சொல்லுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லோடைக் கணக்குப் போடுங்க. கான்கிரீட் போட்டு ஆறவிடுங்க. மெஷின் வாங்குறது இதுக்கெல்லாம் அப்புறம். நாங்க இதைத் தலைகீழா பண்ணி ரெண்டு மாசத்தையும், ஒரு நல்ல சிவப்புத் தரையையும் இழந்தோம்.

இப்ப அப்பா காலையில ரெண்டு மணி நேரம் மெஷின்ல நிக்கிறார். நான் சனி, ஞாயிறு. போன வாரம் ஒரு தண்ணி மோட்டார் தண்டைக் கடைஞ்சேன். பேரிங் கையால தள்ளினா ஏறல, கட்டை வெச்சு லேசா தட்டினா ஏறுச்சு. அப்படித்தான் ஏறணும். அப்பா அளந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம திருப்பிக் கொடுத்தார். அவர் குறை சொல்லாம இருந்தா, சரியா இருக்குன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.